பாதியில் நிற்கும் மிதவை

பாண்டீஸ்வரன் இருபத்தாறு வருஷம் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர். எம்.ரெட்டியபட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய சின்ன ஊர். அங்கே பஞ்சாயத்தின் மேல்நிலைத் தொட்டிக்கு அவர்தான் ஆப்பரேட்டர். மோட்டார் போடுவது, தொட்டி நிறைந்ததும் நிறுத்துவது, தெருத் தெருவாக வால்வைத் திறந்து மூடுவது எல்லாம் அவர் வேலை. தண்ணீர் தாராளமாக இருந்தால் வால்வை முழுக்கத் திறப்பார். கம்மியாக இருந்தால் பாதி. ஏன் பாதி என்று யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். குழாயில் தண்ணீர் நூலாக இறங்குவதைப் பார்த்ததும் பெண்களுக்கு விளங்கிவிடும். துவைக்க ஊற வைத்த துணியைப் பிழிந்து மறுபடி மூட்டையில் கட்டுவார்கள். மாட்டுக்கு வைக்கிற தண்ணீரைக் குறைப்பார்கள். பாதி வால்வு என்றால் அந்த ஊரில் அது ஒரு தாக்கல், தண்ணீர் இல்லை என்ற சேதி.

வசவும் உண்டு. "எங்க தெருவுக்கு வாரப்ப மட்டும் ஒங்க கை சுளுக்கிக்கிடுமோ?" என்பார்கள்.

"தொட்டிக்குள்ள தலைய விட்டுப் பாத்துட்டு வாங்க ஆத்தா. ஏணி அங்கதான் நிக்கிது" என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன், தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டு இறங்கும்போது, அந்த ஏணியில்தான் அவருக்குக் கால் வழுக்கியது. இடது இடுப்பு எலும்பு முறிந்தது. மதுரையில் தகடு வைத்தார்கள். தகடு பிடித்துக்கொண்டது, கால் மட்டும் இரண்டு விரல் அளவு குட்டையாகிவிட்டது. இரும்பு வாக்கரை ஊன்றிக் கட்டிலிலிருந்து கொல்லைப்புறக் குளியலறை வரை நடப்பார். பதினெட்டு எட்டு. குத்தவைக்க முடியாது, குனிய முடியாது, வாளியைத் தூக்க முடியாது.

அவர் மனைவி பொன்னுத்தாய்க்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. மூன்று ஏக்கர் மானாவாரியில் பருத்தியும் குதிரைவாலியும் மாற்றி மாற்றிப் போட்டவள். முப்பது வருஷம் பருத்திக்கு மருந்து அடித்திருக்கிறாள். முதுகில் மாட்டும் தெளிப்பான் நடுக்காட்டில் நின்றுபோனால் அருப்புக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. வரப்பிலேயே முந்தானைத் துண்டை விரித்து அவளே கழற்றுவாள். கழற்றின சாமானைக் கழற்றின வரிசையிலேயே துண்டில் வைப்பாள். மாட்டும்போது கடைசியில் வைத்ததை முதலில் எடுப்பாள். வாஷர் போயிருந்தால் பழைய செருப்புத் தோலையோ சைக்கிள் டியூப்பையோ வெட்டி எண்ணெயில் ஊற வைத்துப் போடுவாள். இது யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. நாலைந்து தடவை தப்பாக மாட்டி, மருந்து முதுகில் ஒழுகி, தோல் உரிந்த பிறகு வந்த ஒழுங்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதம் பாண்டீஸ்வரனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கூடவே இருந்து, பொன்னுத்தாய்தான் கழுவிவிட்டாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் செய்வாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் மகள் ப்ரியா ஒரு வாரம் வந்து தங்கியபோது இதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அடுத்த மாதமே ஆள் வைத்து, குளியலறைக்குள் வெஸ்டர்ன் டாய்லெட் பதித்து, சுவரில் பிளாஸ்டிக் பிளஷ் டேங்கும் மாட்டினாள். உட்கார்ந்தபடியே கைக்கு எட்டுகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு கைப்பிடி.

முதல் நாள் பாண்டீஸ்வரன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வெகு நேரம் வரவில்லை. தண்ணீர் சுழன்று இறங்கும் சத்தமும், டேங்க் மறுபடி நிரம்பும் சத்தமும், பிறகு அது தானாக நிற்பதும் கேட்டது. வெளியே வந்து, "உள்தாப்பா நல்லா விழுகுது" என்றார். அன்றைக்கு மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இந்த வருஷம் சித்திரையில் அந்த டேங்க் கெட்டது.

குளியலறை மச்சில் ஐநூறு லிட்டர் தொட்டி ஒன்று உண்டு. பஞ்சாயத்துத் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தரம் வரும்போது நிரப்பி வைப்பது. முதல் நாள் சாயங்காலம் நிரப்பியது மறுநாள் காலையில் காலி. தரை காய்ந்து கிடந்தது. குழாய் எதுவும் சொட்டவில்லை. பொன்னுத்தாய் ஒவ்வொரு மூட்டாகக் கையால் தடவிக்கொண்டே வந்தாள். கடைசியில் டாய்லெட் கோப்பைக்குள் பார்த்தபோதுதான் தெரிந்தது. பின்பக்க வழவழப்பில் கண்ணாடி மாதிரி ஒரு படலம் தண்ணீர், சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. டேங்கில் தண்ணீரை நிறுத்த வேண்டிய வால்வு நிறுத்தவில்லை. அளவுக்கு மேல் ஏறிய தண்ணீர் உள்ளே இருக்கும் வழிகுழாயில் விழுந்து, கோப்பை வழியாகக் குழிக்குப் போயிருக்கிறது. எட்டு நாள் தண்ணீர்.

டேங்குக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக் குழாயை அவள் மூடினாள். வேறு வழி தெரியவில்லை. அந்தக் காக் கோப்பைக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் இருந்தது. குனிந்து, கையை வளைத்துத் திறக்க வேண்டும். பாண்டீஸ்வரனால் ஆகாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் அவர் முடித்துவிட்டு, "பொன்னு" என்று கூப்பிட வேண்டும். அவள் வந்து திறந்து, நிரம்பும்வரை நின்று, மூடிவிட்டுப் போக வேண்டும். உள்தாப்பாள் போடுவது நின்றது.

இரண்டாம் நாளே கட்டில் தலைமாட்டில் வைத்த சொம்பு குறையாமல் அப்படியே இருந்தது.

"என்னங்க, தண்ணி குடிக்கலையா?"

"தாகம் எடுக்கல."

"சித்திர வெயில்ல தாகம் எடுக்கலையாக்கும்."

இது வெறும் பிடிவாதம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். போன வருஷம் அவருக்குக் கிட்னியில் கல் வந்து, நீரில் சீழ் கலந்து, பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார். அருப்புக்கோட்டை டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும், இன்னொரு தடவை இப்படி வந்தால் கிட்னி தாங்காது. டேங்க் தானாக நிரம்பினால் அவர் குடிப்பார். நிரம்பாவிட்டால் குடிக்க மாட்டார்.

டாய்லெட் பதித்த பிளம்பர் சதீஸ்குமாருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பாலவனத்தத்துல மண்டபத்து வேலை ஓடுது. நாளைக்குக் காலையில வாரேன்."

"நேத்தும் இதத்தான சொன்ன."

"நேத்து மேஸ்திரி விடல. நாளைக்கு நிச்சயம். போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்க." போட்டோவைப் பார்த்துவிட்டு, "மொத்த டேங்கையும் மாத்தீருவோம்க்கா" என்றான். அப்புறம் மூன்று நாள் போனை எடுக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் பாண்டீஸ்வரனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, பொன்னுத்தாய் டேங்க் மூடியைத் திறந்தாள். உள்ளே எல்லாம் உப்பு. சுவரிலும் குழாயிலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒரு பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வால்வு உள்ளே நீட்டியிருந்தது. அதன் நுனியில் ஒரு தண்டு, தண்டில் பிளாஸ்டிக் மிதவை. மிதவையைக் கையால் தூக்கினாள். தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்தது, நிற்கவில்லை. வால்வின் வாயில் இருக்கும் சிறு ரப்பரை உப்பு அரித்துப் பள்ளமாக்கியிருந்தது. தெளிப்பானில் நூறு தடவை பார்த்த பள்ளம்தான். டியூப் வெட்டிப் போட்டுப் பார்த்தாள். அரை நாள் நின்றது, மறுபடி ஒழுகியது. ரப்பர் உட்காரும் இடமே தேய்ந்திருந்தது. வால்வைத்தான் மாற்ற வேண்டும்.

ப்ரியா இவள் செல்லுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். யாரோ ஒருவன் இந்தியில் பேசிக்கொண்டே வால்வு மாற்றினான். பொன்னுத்தாய் சத்தத்தை அணைத்துவிட்டு அவன் கையை மட்டும் ஆறு தடவை பார்த்தாள். அவன் நட்டைத் தொட்டதும் அது சுழன்று வந்தது. அவள் டேங்கின் வெளிப்புற நட்டு அசையக்கூட இல்லை. உப்பு அதைச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ரெஞ்ச் போட்டால் நட்டு உடையாது, டேங்க்தான் உடையும். வெந்நீர் ஊற்றினால் பிளாஸ்டிக் வளையும். பித்தளைக் குடம் துலக்கும் புளியைக் கரைத்து, துணியில் நனைத்து, நட்டைச் சுற்றிக் கட்டினாள். காயக் காய நனைத்தாள்.

பக்கத்து வீட்டு முருகேஸ்வரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்ன மதினி, கக்கூசுக்குள்ள புளிக்கொழம்பா?"

"ஒனக்கும் ஒரு கிண்ணம் தரவா?"

"வேணாந்தாயி. ஆமா, அண்ணன் ஊருக்கே தண்ணி விட்டவுக. அவுகளக் கேட்டா சொல்ல மாட்டாகளா?"

பொன்னுத்தாய் துணியை நனைத்தாள். அவரைக் கேட்டால் சொல்வார்தான். கேட்டால், நடந்து வந்து பார்ப்பார். குனிய முடியாமல் நிற்பார். அதற்காகவே கேட்கவில்லை.

மறுநாள் நட்டு நெகிழ்ந்தது. உள்ளே வால்வை இடது கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது கையால் திருகினாள். பிடிக்காமல் திருகினால் வால்வும் கூடவே சுழன்று மிதவைத் தண்டு சுவரில் இடித்து ஒடியும். கழற்றிய வால்வைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

ஹார்டுவேர் கடையில் இருந்தவர் வேதமுத்து என்ற நடுவயதுக்காரர். அவள் பையிலிருந்து எடுத்ததும் இரண்டு கையையும் தூக்கினார். "யக்கா, யக்கா! மேசையில வைக்காதீக. கக்கூஸ்ல கெடந்தது."

"இது தண்ணி வார பக்கம்ணே. போற பக்கம் இல்ல. நீங்க குடிக்கிற தண்ணியும் இதே மாதிரி ஒரு வால்வு வழியாத்தான் வருது."

அவர் சிரித்துவிட்டு வாங்கிப் பார்த்தார். "மேல் தொட்டி எம்புட்டு ஒசரம்?"

"குளியலறை மச்சுல. டேங்குல இருந்து அஞ்சடி இருக்கும்."

"அப்ப ஓட்டை பெருசா உள்ளதுதான் சரிப்படும். சின்ன ஓட்டை மோட்டார் பிரஷர் உள்ள வீட்டுக்கு. ஒங்க வீட்டுல போட்டா நெறைய ஒரு மணி நேரம் ஆகும்." இரண்டையும் எடுத்து வாயில் வைத்து ஊதச் சொல்வது போல நீட்டினார். அவள் உண்மையிலேயே ஊதிப் பார்த்தாள். பெரிய ஓட்டை உள்ளதை எடுத்துக்கொண்டாள். "மாட்டுறது ஆரு?" என்று கேட்டார். "நான்தேன்" என்றாள். "நட்ட ரொம்ப இறுக்கீராதீக. கையால இறுக்கி, கடைசியா கால் சுத்து. அம்புட்டுத்தான்."

வீட்டுக்கு வந்து முதலில் மாட்டியது தப்பு. தெளிப்பானில் வாஷர் வெளிப்பக்கம் உட்காரும். அந்தப் பழக்கத்தில் இதையும் வெளியே போட்டாள். காக் குழாயைத் திறந்ததும் நட்டைச் சுற்றித் தண்ணீர் கசிந்து முழங்கைவரை ஓடியது. மூடிவிட்டு, துண்டில் எல்லாவற்றையும் மறுபடி வரிசையாக வைத்துப் பார்த்தாள். தண்ணீர் உள்ளே நிற்கிறது. ஆகவே உள்ளே இருந்துதான் அழுத்தும். வாஷர் சுவரின் உள்பக்கம் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினாள். இணைப்புக் குழாயை முடுக்குவதற்கு முன் அதன் நுனியை வாளிக்குள் விட்டுக் காக் குழாயைத் திறந்தாள். வெள்ளை வெள்ளையாக உப்புச் செதில்கள் வந்து விழுந்தன. தண்ணீர் தெளியும்வரை விட்டாள். இதைச் செய்யாவிட்டால் அந்தச் செதில் புது வால்வின் வாயில் போய் உட்கார்ந்து, அதுவும் பழையது போல ஆகியிருக்கும். வீடியோக்காரன் இதைச் செய்யவில்லை. அவன் ஊர் நல்ல தண்ணீர் ஊர்.

டேங்க் நிறைந்தது. மிதவை எழும்பியது. தண்ணீர் நின்றது. சொட்டு நீலத்தை எடுத்து டேங்கில் நாலு சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கோப்பைக்குள் பார்த்தாள். கோப்பைத் தண்ணீரில் நீலம் இல்லை. ஒரு சொட்டும் இறங்கவில்லை என்று அர்த்தம்.

அளவு வைப்பதுதான் மிச்சம்.

மிதவைத் தண்டில் ஒரு திருகு உண்டு. ஒரு பக்கம் திருகினால் மிதவை தாழும், தண்ணீர் சீக்கிரம் நிற்கும். மறுபக்கம் திருகினால் உயரும். டேங்கின் உள்சுவரில், வழிகுழாயின் வாய்க்கு இரண்டு விரல் கீழே, கம்பெனி ஒரு கோடு போட்டிருந்தது. அதுவரை நிரம்பினால் பத்து லிட்டர். முக்கால் குடத்துக்கு நெருங்கி வரும். ஒரு தடவை இழுக்க முக்கால் குடமா என்று அவள் மனம் ஒப்பவில்லை. அந்தக் கோடு தண்ணீர் உள்ள ஊருக்குப் போட்டது. அவள் ஓர் ஆணியால் பாதியில் புதுக் கோடு கீறி, மிதவையை அதுவரை தாழ்த்தினாள்.

அந்த வாரம் தண்ணீருக்குக் குறைவே இல்லை. எட்டு நாள் தண்ணீர் வீணானதும் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து டிராக்டரில் ஒரு லோடு இறக்கியிருந்தாள். மச்சுத் தொட்டி நிறைந்திருந்தது. கொல்லையில் இரண்டு டிரம்மும் நிறைந்திருந்தன. இருந்தும் பாதியில் வைத்தாள். அந்தக் கை நாற்பது வருஷமாக எதையும் முழுசாகத் திறந்ததில்லை. வெறும் கோப்பையில் இழுத்துப் பார்த்தாள். தண்ணீர் சுழன்று இறங்கியது. போதும் என்று மூடியைப் போட்டாள். அவள் போவது கொல்லை மூலையில் இருக்கும் பழைய கக்கூஸுக்கு. இந்தக் கோப்பையில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

"போயிட்டு வாங்க. இனிக் கூப்பிட வேண்டாம்" என்றாள்.

பாண்டீஸ்வரன் வாக்கரை ஊன்றிப் போனார். உள்தாப்பாள் விழுந்தது. தண்ணீர் இறங்கியது, நிரம்பியது, நின்றது. மறுபடி இறங்கியது. மறுபடி நிரம்பியது. அரை மணி நேரம் கழித்து வந்தார்.

"நல்லா மாட்டிட்ட" என்றார்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கே ப்ரியாவுக்குப் போன் போட்டு, வாஷர் கதையைச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த பத்து நாளும் அவள் காட்டில்தான் இருந்தாள். கோடை உழவுக்கு டிராக்டர் வந்திருந்தது. காலையில் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவாள். திரும்பும்போது சொம்பு பாதிதான் குறைந்திருக்கும். சோறும் பாதி. கேட்டால், "படுத்தே கெடக்குறவனுக்குப் பசியா எடுக்கும்" என்பார். முன்பு ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை குளியலறைக்குப் போவார். இப்போது எத்தனை தடவை போகிறார் என்று பார்க்க அவள் வீட்டில் இல்லை. டேங்க் ஒழுகவில்லை, மச்சுத் தொட்டி இறங்கவில்லை. அது அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது. தண்ணீர் இவ்வளவு மிச்சமாவதை அவள் தன் கைவேலையின் பலன் என்று நினைத்தாள்.

பதினோராம் நாள் அவருக்குக் குளிர் கண்டது. கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. நீர் பழுப்பாகச் சொட்டுச் சொட்டாக வந்தது. அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். ப்ரியா திருப்பூரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நாலு நாள் கழித்துக் காய்ச்சல் இறங்கி, அவர் கண்ணைத் திறந்து பேசினார். ப்ரியா மாத்திரை வாங்கப் போயிருந்தாள்.

"தண்ணி குடிக்கலேன்னு டாக்டரம்மா திட்டுறாக" என்றாள் பொன்னுத்தாய். "டேங்கத்தான் சரி பண்ணிட்டேனே. பெறகும் எதுக்குக் குடிக்காம இருந்தீக?"

அவர் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாதிதான வச்ச."

"என்னது?"

"டேங்கு. பாதியில நிக்கிது. சத்தத்துல தெரியாதா எனக்கு? முழுசா நெறைய முந்தி எண்ணூறு எண்ணுவேன். இப்ப நானூறுக்குள்ள நின்னுருது."

"ஓட்டை பெரிய வால்வுங்க. அதான் வெரசா நெறையுது."

"பழைய வால்வுக்கும் வாய் அதே அளவுதான். சத்தத்துல மிதவை எங்க நிக்கிதுன்னு எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு தடவ இழுத்தாப் போகல. மூணு தடவ இழுக்கணும். ஒவ்வொண்ணுக்கும் நெறையுற வரைக்கும் உக்காந்துருக்கணும்."

"சொல்லியிருக்கலாம்ல. திருகத் திருப்புனா முடிஞ்சுச்சு."

"எதச் சொல்ல? லோடு எறக்குன சத்தம் கேட்டுச்சு. அதுக்குப் பெறகும் பாதி வால்வு வச்சிட்ட. தண்ணி இல்லன்னுதான அர்த்தம்? ஊருக்கெல்லாம் அதத்தான நான் இருபத்தாறு வருசமாச் சொன்னேன். பாதி வால்வு வச்சா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாதா."

பொன்னுத்தாய் அவர் காலடியில் போர்வையை இழுத்துவிட்டாள்.

"குடிச்சாப் போகணும். போனா இழுக்கணும். அதான் கொறச்சுக்கிட்டேன்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்ட ஆளின் குரல்.

அவருக்குக் குளிர் கண்ட அன்றைக்கும் மச்சுத் தொட்டி முக்காலுக்கு மேல் இருந்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. அப்போது சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. நீர் வெளியேற டியூப் போட்டு, கட்டில் சட்டத்தில் ஒரு பையைத் தொங்கவிடச் சொன்னார்கள். பை நிறைய வேண்டியதில்லை, வருவதே கொஞ்சம்தான். கிளம்பும்போது டாக்டரம்மா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். கஞ்சி, காப்பி எல்லாம் சேர்த்து.

"போன வருசம் மூணு லிட்டர் குடிக்கச் சொன்னாகளே டாக்டர்" என்றாள் பொன்னுத்தாய்.

"அப்ப கிட்னி வேலை செஞ்சதும்மா. இப்ப குடுத்தா வெளிய போகாது. கால் வீங்கும், மூச்சு முட்டும். அவர் கேட்டாலும் குடுக்காதீங்க."

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அவள் டேங்க் மூடியைத் திறந்து, திருகை மறுபக்கம் திருப்பினாள். ஆணியால் கீறிய கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஏறி, கம்பெனிக் கோட்டில் நின்றது. பையிலிருந்த மஞ்சள் நீரைக் கோப்பையில் ஊற்றிக் கைப்பிடியை இழுத்தாள். பத்து லிட்டரும் ஒரே மூச்சில் சுழன்று இறங்கியது. கோப்பை பளிச்சென்று இருந்தது. ஒரே தடவையில்.

வெளியே வந்தபோது பாண்டீஸ்வரனின் உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். உள்ளே தண்ணீர் நின்றது.

"முழுசா வச்சிட்ட" என்றார்.

"ம்."

ப்ரியா விட்டுப்போன ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அலமாரியில் இருந்தது. ஒரு நாளைக்கான தண்ணீரை அதில் பிடித்து வைத்துவிட்டால் அளவு தப்பாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பொன்னுத்தாய் அதே ஆணியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பாட்டிலை மடியில் இடுக்கிக்கொண்டு ஒரு கோடு கீறினாள். அதுவரை தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

அவர் கையை நீட்டிப் பாட்டிலை எடுத்தார். குடிக்கவில்லை. சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, பஞ்சாயத்துத் தொட்டியின் அளவுக் கம்பத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"முக்காலுன்னுதான எழுதியிருக்கு?"

"ஆமா."

"ஒரு விரல் கூட இருக்கு, பொன்னு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கீழ எறக்கு" என்று பாட்டிலை நீட்டினார்.

அவள் வாங்கி, முதல் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இன்னொரு கோடு கீறினாள். கூட இருந்த தண்ணீரைச் சொம்பில் ஊற்றினாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்ததும் அவர் மறுபடி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பிறகு சரி என்று தலையசைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல், அதைத் தலையணைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்.